ஒன்பதாம் சுற்றில் மீதமிருந்த 38 வினாடிகள்: நடுவர் நிறுத்திய ஒரு போட்டியின் நிகழ்வு ஆய்வு

## பதிவின் நோக்கம்

10 சுற்றுகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டியை, ஒன்பதாம் சுற்று தொடங்கி 2 நிமிடம் 22 வினாடி ஆகியிருந்தபோது நடுவர் நிறுத்தினார். தோற்றதாக அறிவிக்கப்பட்ட வீரர் அதுவரை ஒரு முறைகூடக் கீழே விழவில்லை. மேடையோரம் அமர்ந்து புள்ளியிடும் மூன்று நடுவர்களின் (புள்ளி நடுவர்கள்) மதிப்பெண் அட்டைகளிலும் அவரே முன்னிலையில் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. சுற்று முடிய 38 வினாடிகளே இருந்தன. முறையீடு வந்தது, விசாரணை நடந்தது, முடிவு மாறவில்லை.

அன்று மேடையோரத்தில் மேற்பார்வையாளராக அமர்ந்திருந்தவன் நான். விசாரணையில் சாட்சி சொன்னேன். விசாரணைக் குழுவின் முன் வைக்கப்பட்ட காணொளிகளையும் எழுத்து வாக்குமூலங்களையும் முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பும் பின்னர் கிடைத்தது. என் கணிப்பில் அந்த நிறுத்தம் ஏற்கத்தக்கது. ஆனால் அதற்கு நடுவர் அன்றிரவு கொடுத்த காரணம் பிழையானது. அதற்கு முன்பே என்னையும் சேர்த்துப் பலர் செய்யத் தவறியவை அதைவிடப் பெரிய பிழைகள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிப்போனதால்தான் சர்ச்சை அத்தனை நாள் நீடித்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர், இடம், தேதி எதுவும் இங்கே இடம்பெறாது; வீரர்கள் இருவரையும் அவர்கள் அமர்ந்த மூலையின் நிறத்தைக் கொண்டு நீலர், சிவப்பர் என்றே குறிப்பிடுகிறேன்.

## பின்னணி

நீலர் வேகமான கால்களும் நீண்ட ஜாபும் (முன்கையால் விடும் நேர்க்குத்து) உடையவர். எதிராளியைத் தூரத்தில் நிறுத்திப் புள்ளிகளைச் சேர்ப்பது அவர் பாணி. சிவப்பர் மெதுவாகத் தொடங்குபவர், உடம்பில் அடித்து எதிராளியின் காலைத் தளர்த்துபவர். அவருடைய வெற்றிகளில் பாதிக்கு மேல் பிற்பகுதிச் சுற்றுகளில் கிடைத்தவை. இந்த இரண்டு பாணிகள் மோதும் போட்டியில் ஆறாம் சுற்றுக்குப் பிறகுதான் நடுவருக்கு வேலை வரும் என்பது மேடையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரிந்ததே.

வெல்டர்வெயிட் பிரிவின் வரம்பு 147 பவுண்டு, அதாவது 66.68 கிலோ. முந்தைய நாள் எடை பார்த்தபோது நீலர் அந்த வரம்பைவிடச் சுமார் அரைக் கிலோ கூடுதலாக இருந்தார். விதிப்படி கொடுக்கப்பட்ட அவகாசத்தில் வியர்வை உடையணிந்து ஓடி, மறுபடி தராசில் ஏறி வரம்புக்குள் வந்தார். ஏறும்போது அவருடைய உதடுகள் வெடித்திருந்தன. இறங்கும்போது உதவியாளரின் தோளைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரை இழந்த உடல் ஒரே நாளில் முழுமையாக மீண்டுவிடாது என்பதும், அப்படிப்பட்ட வீரர் பிற்பகுதிச் சுற்றுகளில் சட்டென்று சரிவார் என்பதும் இந்தத் தொழிலில் புதிய செய்தி அல்ல. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன், மருத்துவரிடம் சொன்னேன். நடுவரிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது. நடுவர் எந்த முன்முடிவும் இல்லாமல் மேடையேற வேண்டும், 'இவர் பலவீனமானவர்' என்ற எண்ணத்தோடு ஏறினால் சாதாரணத் தடுமாற்றமும் ஆபத்தாகத் தெரியும் என்பது எங்களிடையே பழகிவந்த நடைமுறை. அந்தக் காரணத்தை நான் அன்று நம்பினேன்.

போட்டிக்கு முந்தைய விதிமுறைக் கூட்டம் வழக்கம்போல நடந்தது. மூன்று முறை விழுந்தால் தானாகத் தோல்வி என்ற விதி இல்லை. விழுந்தவருக்குக் கட்டாயமாக எட்டு வரை எண்ணப்படும். நின்றுகொண்டிருப்பவருக்கு எண்ணிக்கை கிடையாது. எந்தச் சுற்றிலும் மணியொலி யாரையும் காப்பாற்றாது, அதாவது சுற்று முடிந்தாலும் விழுந்தவருக்கான எண்ணிக்கை தொடரும். போட்டியை நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு மட்டுமே உண்டு. எல்லாம் வாசிக்கப்பட்டன. 'எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள்' என்று நீலரின் பயிற்சியாளர் கேட்டார். 'அவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளாதபோது' என்று நடுவர் பதில் சொன்னார். கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்தப் பதில் எத்தனை பொருள்களுக்கு இடம் கொடுக்கிறது என்பது மூன்று வாரம் கழித்து விசாரணை அறையில்தான் புரிந்தது.

## முதல் ஆறு சுற்றுகள்

இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீலர் ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருந்தார். ஐந்தாம் சுற்றில் சிவப்பரின் விதிக்குட்பட்ட ஒரு குத்தில் நீலரின் இடது புருவத்தில் சிறு வெட்டு விழுந்தது. தலை மோதலால் வந்த காயம் அல்ல என்று நடுவர் உடனே சைகை காட்டி எங்களுக்குத் தெரிவித்தார். காயத்தின் காரணத்தைப் பொறுத்தே பிற்பாடு போட்டி நின்றால் அது தோல்வியா, புள்ளிக் கணக்கா என்பது தீர்மானமாகும் என்பதால் இந்தச் சைகை அவசியமானது. அதை அவர் பிசகின்றிச் செய்தார். ஆனால் அந்த வெட்டு இன்னொரு வேலையும் செய்தது. அன்றிரவு முழுவதும் மருத்துவர், காயம் பார்ப்பவர், ஒளிபரப்பாளர்கள், நான் என எல்லோருடைய கண்ணையும் அது புருவத்திலேயே கட்டிப்போட்டது.

## ஏழாம், எட்டாம் சுற்றுகளில் கவனிக்கப்பட்டவை

ஏழாம் சுற்றின் நடுவில் சிவப்பரின் இடது ஹுக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்து) ஒன்று நீலரின் விலாவுக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகு நீலர் பின்வாங்கும்போது வலது கால் மட்டும் அரை நொடி தாமதித்து வந்தது. ஜாப் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தாலும், முன்பு தோளோடு நீண்ட கை இப்போது முழங்கையளவோடு நின்றது. அந்தச் சுற்றை சிவப்பருக்கு இரண்டு புள்ளி நடுவர்கள் கொடுத்திருந்தனர்.

எட்டாம் சுற்று நீலருக்கு இன்னும் மோசமாகப் போனது. கயிற்றோரத்தில் இரண்டு முறை சிக்கினார். இரண்டு முறையும் கட்டிப்பிடித்துத் தப்பினார். நடுவர் பிரித்துவிட்டபோது இரண்டாம் முறை நீலர் தவறான பக்கம் திரும்பி, ஒரு கணம் வெறும் மூலையைப் பார்த்து நின்றார். இதை நடுவர் கவனித்தார். விசாரணையில் அவரே சொன்னார். தன் மனதில் 'இனி நீண்ட அவகாசம் கொடுக்கக்கூடாது' என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டதாகவும் சொன்னார். அந்தத் தீர்மானம் அவர் மனதைவிட்டு வெளியே வரவில்லை.

எட்டாம் சுற்று முடிந்த அந்த ஒரு நிமிட இடைவேளை நிகழ்ந்தது என் இருக்கையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில். ஸ்டூலை வைப்பதற்கு முன்பே நீலர் உட்காரப் போனார். உதவியாளர் சட்டென்று உள்ளே தள்ளியதால் விழாமல் தப்பினார். வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லி வாளியை நீட்டினார்கள். அவர் தன் தொடையிலேயே துப்பினார். பயிற்சியாளர் அவருடைய முகத்தை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பி, 'கட்டிப்பிடி, மணியடிக்கும்வரை கட்டிப்பிடித்துக்கொண்டே இரு' என்று மூன்று முறை சொன்னார். மருத்துவர் மேலேறி வந்து புருவத்தில் விளக்கடித்தார். 'பார்வை தெரிகிறதா' என்று கேட்டார். 'தெரிகிறது' என்றார் நீலர். இரத்தம் கண்ணுக்குள் இறங்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு மருத்துவர் இறங்கிவிட்டார். அந்த நேரத்தில் நடுவர் எதிர்ப்பக்கத்தில், சிவப்பரின் அவிழ்ந்த கையுறை நாடாவை ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, அந்த நிமிடத்தில் நீலரின் நிலை பற்றி நான்கு பேருக்கு நான்கு துண்டுத் தகவல்கள் தெரிந்திருந்தன. எடை குறைத்த கதை எனக்கும் மருத்துவருக்கும் தெரியும். தவறான பக்கம் திரும்பியது நடுவருக்குத் தெரியும். ஸ்டூலும் வாளியும் பயிற்சியாளருக்கும் எனக்கும் தெரியும். கால் தாமதிப்பதைக் கேட்டிருந்தால் எல்லோருமே சொல்லியிருப்பார்கள். எவரும் எவரிடமும் எதையும் சொல்லவில்லை. நடுவர் நீலரின் மூலைக்கு வந்து, 'இந்தச் சுற்றில் அவர் எனக்கு எதையாவது காட்ட வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிடுவேன்' என்று சொல்லியிருந்தால், பின்னால் வந்த சச்சரவில் முக்கால் பங்கு வந்திருக்காது. அனுபவமுள்ள நடுவர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம், போட்டியை நிறுத்தச் சொல்லி மேடைக்குள் எறிவதற்காகப் பயிற்சியாளரின் கையில் இருக்கும் துண்டைப் பற்றியும் அவரை யோசிக்க வைக்கும்.

## ஒன்பதாம் சுற்று

முதல் ஒரு நிமிடம், பயிற்சியாளர் சொன்னபடி நீலர் கட்டிப்பிடித்தார். 2 நிமிடம் 4 வினாடியில் சிவப்பரின் வலது கை நீலரின் இடது காதுக்கு மேலே விழுந்தது. நீலரின் முழங்கால்கள் மடங்கின, தரையைத் தொடவில்லை. அவர் நான்கு அடி பின்னால் போய்த் தன் மூலைக்கு அருகே கயிற்றில் முதுகு பட நின்றார். 2:11 முதல் 2:21 வரை சிவப்பர் ஒன்பது குத்துகளை விட்டார். இடையில் நீலர் ஒரே ஒரு இடது கையை வீசினார். 2:22-இல் நடுவர் இருவருக்கும் நடுவில் புகுந்து, நீலரை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

நீலர் அவரைத் தள்ளினார். கைகளை விரித்து அரங்கத்தைப் பார்த்தார். தெளிவாகப் பேசினார், கோபமாகப் பேசினார். பயிற்சியாளர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து கத்தினார். நின்றுகொண்டு, வாதாடிக்கொண்டு, இரண்டு காலிலும் நடந்துகொண்டிருக்கும் ஒருவரைத் தோற்றவர் என்று அறிவிப்பதைப் பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்பதை விளக்கத் தேவையில்லை. பத்து நிமிடத்தில் அட்டைகள் வெளியாயின: 78-74, 78-74, 77-75, மூன்றும் நீலருக்கு. ஒரு சுற்றை வென்றவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்கு வழக்கமாக 9, அவர் ஒரு முறை விழுந்திருந்தால் 8. மீதிச் சுற்றுகளில் ஒன்றை 10-8 என்றும் மற்றதை 10-9 என்றும் இழந்திருந்தாலும் இரண்டு அட்டைகளில் 95-94 என்று நீலர் வென்றிருப்பார் என்ற கணக்கு அரங்கத்தை விட்டு வெளியேறும் முன்பே எல்லோர் வாயிலும் இருந்தது.

## நடுவரின் வாக்குமூலமும் காணொளியும்

அன்றிரவே நடுவர் எழுதிக் கொடுத்த அறிக்கை நான்கு வரி. 'ஒன்பது குத்துகள் விழுந்தன. பெரும்பாலானவை நேராகத் தலையில் விழுந்தன. பதில் குத்து எதுவும் இல்லை. எனவே நிறுத்தினேன்.'

மறுநாள் காலைக்குள் மெதுவோட்டக் காணொளி எங்கும் பரவியது. அதன்படி ஒன்பதில் மூன்றுதான் சுத்தமாக விழுந்தவை. இரண்டு கையுறையில் பட்டு வழுக்கித் தலையைத் தொட்டவை. மீதி நான்கும் கையில் தடுக்கப்பட்டோ காற்றிலோ போயின. பதில் குத்து இல்லை என்பதும் தவறு. அந்த இடது கை தெளிவாகத் தெரிகிறது. அறிக்கையின் நான்கு வரிகளில் இரண்டு பொய்த்துவிட்டதால், நான்காவதும் பொய் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

நடுவர் ஏன் அப்படி எழுதினார்? அவர் பொய் சொல்லவில்லை. சிவப்பரின் முதுகுக்குப் பின்னால், சற்று இடது புறமாக அவர் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் சிவப்பரின் தோள் சுழல்வது தெரியும், கயிறு அதிர்வது தெரியும், அடி விழும் ஓசை கேட்கும். கையுறையில் விழுகிறதா, கன்னத்தில் விழுகிறதா என்பது தெரியாது. தெரியாத இடத்தை ஓசையைக் கொண்டு நிரப்பிக்கொண்டார். அவர் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்திருந்தால் நீலரின் முகம் முழுதாகத் தெரிந்திருக்கும். இரண்டு வீரர்களோடும் ஒரு முக்கோணத்தின் மூன்றாம் முனையாக நிற்க வேண்டும் என்பது நடுவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்றுத்தரப்படும் பாடம். ஒன்பதாம் சுற்றின் களைப்பில் அது நழுவியிருக்கிறது. சுழன்றுகொண்டே இருக்கும் நடுவரின் கால்களும் களைக்கும் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

மெதுவோட்டக் காணொளிக்கும் ஒரு குறை உண்டு, அதைக் குழுவில் இருந்த ஒருவர் முதலிலேயே சுட்டிக்காட்டினார். 10 வினாடியை 40 வினாடியாக நீட்டும்போது இரண்டு குத்துகளுக்கு நடுவே நீலருக்கு யோசிக்க நேரம் இருந்ததுபோலத் தோன்றும். தலை ஆடுவது நிதானமாக விலகுவதுபோலத் தெரியும். எனவே குழு முதலில் உண்மையான வேகத்தில், வர்ணனை ஒலி இல்லாமல், மூன்று கோணங்களிலும் ஒவ்வொரு முறை மட்டும் பார்த்தது. அதன் பிறகே மெதுவோட்டம். மூலைக் கம்பத்துக்கு மேலிருந்த கேமராவில், ஐந்தாம் குத்துக்கும் ஆறாம் குத்துக்கும் நடுவே நீலரின் வலது கையுறை தாடையிலிருந்து மார்புக்கு இறங்குவதும், அதன்பின் மேலே வராததும் தெரிந்தது. பரவிய காணொளி எதிர்ப்பக்கக் கேமராவில் எடுக்கப்பட்டது. அதில் அந்தக் கை தெரியாது. நீலர் வீசிய இடது கையும், உண்மையான வேகத்தில் பார்க்கும்போது, குத்துவதற்காக நீண்டதைவிடப் பிடிமானம் தேடி நீண்டதுபோலவே எனக்குத் தோன்றியது. இதில் எல்லோரும் என்னோடு உடன்படவில்லை.

## விசாரணை

முறையீட்டில் மூன்று காரணங்கள் இருந்தன: சுத்தமாக விழுந்தவை மூன்றே குத்துகள், நீலர் பதில் கொடுத்தார், அவர் முன்னிலையில் இருந்ததோடு சுற்று முடிய 38 வினாடிதான் இருந்தது.

மூன்றாவதைக் குழு விரைவில் தள்ளிவிட்டது. இதே கேள்வியை இந்த விளையாட்டு 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகஸில் மிகக் கடுமையான வடிவில் சந்தித்தது. ஹூலியோ சீசர் சாவேஸுக்கு எதிராக மூன்றில் இரண்டு அட்டைகளில் முன்னிலையில் இருந்த மெல்ட்ரிக் டெய்லர், பன்னிரண்டாம் சுற்றின் இறுதியில் விழுந்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தன் மூலைப் பக்கம் பார்த்தார். 2 வினாடி மீதமிருக்கையில் ஸ்டீல் நிறுத்தினார். இன்றுவரை அதைப் பற்றிய வாதம் ஓயவில்லை. ஆனால் அங்கே உறுதியான கொள்கை ஒன்று உண்டு: எத்தனை வினாடி மிச்சம், யார் முன்னிலை என்பவை ஒரு வீரரால் தொடர முடியுமா என்ற கேள்விக்கு விடை ஆகாது. எங்கள் போட்டியில் நடுவருக்கு அட்டைகளும் தெரியாது.

முறையீட்டாளர் தரப்பு 2013 நவம்பரில் மான்செஸ்டரில் நடந்த போட்டியை எடுத்துக்காட்டியது. அங்கும் ஒன்பதாம் சுற்றுதான்; மூன்று அட்டைகளிலும் முன்னிலையில் நின்றுகொண்டிருந்த ஜார்ஜ் குரோவ்ஸை நடுவர் ஹோவர்ட் ஃபாஸ்டர் நிறுத்தி, கார்ல் ஃபிராச் வென்றதாக அறிவித்தார். பின்னர் ஐபிஎஃப் (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) மறுபோட்டிக்கு உத்தரவிட்டது. பொருத்தமான எடுத்துக்காட்டுதான். ஆனால் அதிலும் மறுபோட்டிதான் கிடைத்தது, முடிவு மாற்றப்படவில்லை என்பதைக் குழு கவனித்தது. நெவாடா போன்ற இடங்களின் விதிகள் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கின்றன: சதி நடந்திருந்தால், அட்டைகளைக் கூட்டுவதில் பிழை இருந்தால், விதியைத் தவறாகப் பொருள்கொண்டு நடுவர் முடிவெடுத்திருந்தால் மட்டுமே முடிவை மாற்றலாம். கணிப்புப் பிழை அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் விதிகளும் அவ்வாறே.

நடுவர் தன் பங்குக்கு 1962-ஐ நினைவூட்டினார். அந்த ஆண்டு மார்ச் 24 அன்று நியூயார்க்கில், எமில் கிரிஃபித்தின் குத்துகளில் மூலையில் சிக்கி நின்றபடியே இருந்த பென்னி பாரெட், நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் குறுக்கிடுவதற்குள் நினைவிழந்தார். 10 நாளில் இறந்தார். 'விழாமல் நிற்கிறார் என்பதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை' என்று எங்கள் நடுவர் சொன்னார். அன்று அந்த அறையில் பேசப்பட்டவற்றுள் எனக்கு அதிகம் நினைவிருப்பது இதுதான்.

ஏனென்றால் விதியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. விழுந்தவருக்கு எட்டு வினாடி கிடைக்கிறது. நடுவருக்கும் அதே எட்டு வினாடி கிடைக்கிறது. கண்ணைப் பார்க்கலாம், பேசிப் பார்க்கலாம், நடக்கச் சொல்லலாம். 2018-இல் டியான்டே வைல்டரின் குத்தில் பன்னிரண்டாம் சுற்றில் சாய்ந்த டைசன் ஃபியூரியை நடுவர் ஜாக் ரீஸ் கையசைத்து முடித்துவிடாமல் எண்ணினார், எழுந்தவரைச் சோதித்தார், தொடரவிட்டார். ஃபியூரி அந்தச் சுற்றைத் தாக்குதலோடு முடித்தார், போட்டி சமனில் முடிந்தது. நின்றுகொண்டே அடிவாங்குபவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவருக்கும் நடுவருக்கும் நடுவில் அடுத்த குத்துதான் இருக்கிறது.

குழு உறுப்பினர் ஒருவர் இங்கே நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார். கயிறு தாங்கியிராவிட்டால் விழுந்திருப்பார் என்று கருதினால், அதை விழுந்ததாகவே கணக்கிட்டு எண்ணத் தொடங்க விதி அனுமதிக்கிறதே, ஏன் அப்படிச் செய்யவில்லை? நீலரின் முதுகு கயிற்றில் பட்டிருந்தது, ஆனால் எடை கால்களில்தான் இருந்தது என்று நடுவர் பதிலளித்தார். நேரம் வாங்குவதற்காக நடக்காததை நடந்ததாகச் சொன்னால் அது சிவப்பருக்கு ஒரு புள்ளியை இலவசமாகக் கொடுப்பதும் ஆகும் என்றார். காணொளி அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது.

நீலரும் சாட்சி சொன்னார், மரியாதையாகவும் தெளிவாகவும். ஒன்பதாம் சுற்றுக்கு முன் பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று கேட்டபோது, 'இடது பக்கமாகச் சுற்று, வலது கையைத் தாடையை விட்டு எடுக்காதே' என்றார். அது ஏழாம் சுற்றுக்குப் பின் சொல்லப்பட்டது, ஒலிப்பதிவில் இருக்கிறது. பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை யாரும் மேற்கொண்டு துருவவில்லை.

## முடிவும் பின்விளைவும்

போட்டியின் முடிவு மாறாது என்று குழு அறிவித்தது. நடுவரின் நிறுத்தம் அவருடைய அதிகார வரம்புக்கு உட்பட்ட, ஏற்கத்தக்க கணிப்பு என்றும், அவருடைய எழுத்து அறிக்கை உண்மை விவரங்களில் பிழையானது என்றும் தனித்தனியாகப் பதிந்தது. மறுபோட்டி பரிந்துரைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நடுவரான ஓர் உறுப்பினர், 'நான் இன்னும் ஒரு குத்துக்குக் காத்திருந்திருப்பேன்' என்று மாற்றுக் கருத்தை இணைத்தார். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் அதை அறிக்கையிலிருந்து நீக்காதது சரியென்றே நினைக்கிறேன்.

போட்டி முடிந்த அன்றிரவே நீலருக்கு எடுக்கப்பட்ட மூளை ஸ்கேனில் எந்தக் கசிவும் இல்லை. இதை இரு தரப்பும் தவறாகப் பயன்படுத்தின. 'பார்த்தீர்களா, ஒன்றுமில்லை' என்றது ஒரு தரப்பு. 'சரியான நேரத்தில் நிறுத்தியதால்தான் ஒன்றுமில்லை' என்றது மறு தரப்பு. இரண்டுக்கும் அந்தப் படத்தில் ஆதாரம் கிடையாது. 2:22-இல் நடுவருக்குத் தெரிந்திருந்ததையும் தெரிந்திருக்கக்கூடியதையும் வைத்தே அவருடைய முடிவை எடைபோட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து வந்த படம் அந்தத் தராசில் ஏறாது. கசிவு இருந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன், சொல்வது எளிதாக இருந்திருக்காது.

## மாற்றியவை

எடை குறைப்பதில் சிரமப்பட்ட வீரர் பற்றிய குறிப்பை இப்போது நடுவருக்கும் கொடுக்கிறோம். முன்முடிவு வரும் என்ற என் பழைய அச்சத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது; ஆனால் அரைகுறையாகத் தெரிந்தவர் ஓசையை வைத்து நிரப்பிக்கொள்வார் என்பதை அந்த ஒன்பது குத்துகள் எனக்குக் காட்டின. ஆறாம் சுற்றுக்குப் பிறகு ஒவ்வோர் இடைவேளையிலும் நடுவர் இரு மூலைகளையும் பார்க்க வேண்டும். நிறுத்தும் எண்ணம் மனதில் தோன்றிவிட்டால் அதை அந்த மூலையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையுறை நாடா போன்றவற்றை மேடையோர அலுவலர் பார்த்துக்கொள்வார். மருத்துவர் வெட்டைப் பார்க்க ஏறினாலும் எழுந்து நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், 'ஆம்', 'இல்லை' என்று முடியாத கேள்வி ஒன்றாவது கேட்க வேண்டும். நடுவர் அன்றிரவே அறிக்கை எழுதுவது தொடர்கிறது. ஆனால் எதைத் தன் கண்ணால் கண்டார், எதை ஊகித்தார் என்பதைப் பிரித்து எழுத வேண்டும். குத்துகளின் எண்ணிக்கையை எழுதுவதை நிறுத்திவிட்டோம்.

விதிமுறைக் கூட்டத்தில் 'தற்காத்துக்கொள்ளாதபோது' என்ற சொல்லை இப்போது விரித்துச் சொல்கிறோம். கை மேலே இருப்பது மட்டும் தற்காப்பு ஆகாது. வரும் குத்தைப் பார்த்து அதற்கேற்ப உடம்பு அசைய வேண்டும் என்று. இதைக் கேட்டுப் பயிற்சியாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. மேடையில் சுளிப்பதைவிட அங்கே சுளிப்பது மேல்.

எட்டு மாதம் கழித்து இருவரும் மறுபடி மோதினார்கள், நீலர் தரப்பின் கோரிக்கைப்படி இரண்டு கிலோ கூடுதல் வரம்பில். 10 சுற்றும் முடிந்தது. நீலர் இரண்டு அட்டைகளில் வென்றார், ஒன்று சமன். ஏழாம் சுற்றுக்குப் பின் அன்றைய நடுவர் நீலரின் மூலைக்குப் போய் ஏதோ சொன்னார், பயிற்சியாளர் தலையசைத்தார். முதல் போட்டியின் நடுவர், தன்னை இதற்கு நியமிக்க வேண்டாம் என்று தாமே கேட்டுக்கொண்டார். அவர் இன்னும் பணியில் இருக்கிறார். அதன் பிறகு அவர் நடத்திய போட்டிகளில் பலவற்றை மேடையோரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தாக்குபவரின் முதுகுக்குப் பின்னால் அவர் நின்றதை நான் மறுபடி பார்த்ததில்லை.